நுண்கண்ணாடி வைத்து ஒரு 1×4 ஒளி ஸ்விட்ச்: மூன்றாவது முறை கைகூடியது

நேற்று இரவு நான்கு போர்ட்டிலும் அளந்த ஒளி இழப்பு இது (குறையக் குறைய நல்லது): 1.3, 1.1, 1.1, 1.6 டெசிபல். மூடியைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்து அளந்தாலும் அதே எண்கள்தான். இந்த இடத்துக்கு வர ஐந்து மாதம் ஆனது. நடுவில் இரண்டு முறை முழுதாகப் பிரித்துப் போட்டேன், ஒரு சில்லைக் கொன்றேன். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

தேவை எளிமையானது. அளவீட்டுக் கருவி ஒன்று, ஃபைபர் நான்கு. இரவு முழுக்க ஒன்று மாற்றி ஒன்று அளக்க வேண்டும். கையால் கனெக்டரைக் கழற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் தூசி, துடைப்பு, 0.2 டெசிபல் கூடவோ குறையவோ. அதற்குப் பதில், மின்னழுத்தம் கொடுத்தால் சாயும் ஒரு குட்டிக் கண்ணாடியில் ஒளியைப் பட வைத்து வேண்டிய ஃபைபருக்குத் திருப்பிவிடலாம். சொல்வதற்கு ஒரு வரிதான்.

முதலில் செய்த கோமாளித்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பழுதான ப்ரொஜெக்டர் ஒன்றிலிருந்து கழற்றிய டிஎம்டி சில்லு, அதாவது நுண்கண்ணாடிகளை அடுக்கிய சில்லு, கையில் இருந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987இல் உருவாக்கிய சாதனத்தின் வழிவந்தது. ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகள், ஒவ்வொன்றும் ஒரு பக்கம் 12 பாகை, இல்லாவிட்டால் மறுபக்கம் 12 பாகை சாயும். இத்தனை கண்ணாடி சும்மா கிடக்கும்போது இன்னொன்றை ஏன் வாங்க வேண்டும் என்று நினைத்தேன். 1550 நானோமீட்டர் லேசரை அதில் அடித்து எதிரே அகச்சிவப்பு பட்டால் ஒளிரும் அட்டையைப் பிடித்தால், ஒரு புள்ளி வர வேண்டிய இடத்தில் சல்லடை வழியாக ஒழுகியதுபோல வரிசையாகப் புள்ளிகள். 13.68 மைக்ரானுக்கு ஒன்றாக அடுக்கிய கண்ணாடிகள் எல்லாம் சேர்ந்து ஒளியைக் கூறு போட்டுவிட்டன. ஏறத்தாழ 6.5 பாகைக்கு ஒரு கூறு. போதாததற்கு அந்தக் கண்ணாடிகள் இரண்டு நிலைகளுக்கு நடுவே எங்கும் நிற்காது. எனக்கோ நான்கு கோணம் வேண்டும். ஒரு வார இறுதி போனது.

சரி என்று இரண்டு அச்சிலும் சாயும் ஒற்றைக் கண்ணாடிச் சில்லு வாங்கினேன். விட்டம் 1 மி.மீ., தங்கப் பூச்சு, நிலைமின் விசையால் இரண்டு பக்கமும் 5 பாகை வரை சாயும், மேலே கண்ணாடிச் சாளரம். உடைந்தால் இருக்கட்டும் என்று இரண்டாக வாங்கினேன். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இந்த இரண்டு சில்லுக்கே போனது. இரண்டாக வாங்கியது இந்த வேலையில் நான் எடுத்த மிக நல்ல முடிவு, ஏன் என்று பின்னால் வரும்.

அமைப்பு இதுதான்: ஐந்து ஃபைபர்களை வரிசையாகப் பிடித்திருக்கும் வி-பள்ளக் கட்டை, அதற்கு முன்னால் ஒரே ஒரு லென்ஸ், லென்ஸுக்கு அந்தப் பக்கம் கண்ணாடி. ஃபைபர் முனைகள் லென்ஸின் ஒரு குவியத்தில், கண்ணாடி மறு குவியத்தில். நடு ஃபைபர் வழியாக ஒளி வந்து, லென்ஸில் இணைகற்றையாகி, கண்ணாடியில் பட்டு, அதே லென்ஸ் வழியாகத் திரும்பி வேறு ஃபைபரில் விழும். கண்ணாடி எவ்வளவு சாய்கிறதோ அதன் இரண்டு மடங்கை லென்ஸின் குவியத்தூரத்தால் பெருக்கினால், புள்ளி நகரும் தூரம்.

முதல் கட்டுமானத்தில் மேசை இழுப்பறையில் கிடந்த 5 மி.மீ. லென்ஸையே போட்டேன். கட்டை 250 மைக்ரான் இடைவெளி உள்ளது. எவ்வளவு திருகியும் 2.6 டெசிபலுக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு வாரம் ஸ்டேஜையும் (கட்டையை மைக்ரான் கணக்கில் நகர்த்தும் திருகு மேடை) பசையில்லாத ஃபைபரையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிழை என் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. கற்றை 0.47 மி.மீ. என்று எழுதி, 1 மி.மீ. கண்ணாடிக்குத் தாராளம் என்று அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அது ஆரம். விட்டம் 0.95 மி.மீ. கண்ணாடியின் விளிம்பு வரை கற்றை வழிந்துகொண்டிருந்தது. அதனால் மட்டும் ஏறத்தாழ 1 டெசிபல் போகும். விளிம்பைத் தாண்டிய ஒளி சட்டகத்தில் பட்டு எங்கெங்கோ சிதறுவது தனி.

3.1 மி.மீ. லென்ஸுக்கு மாறினேன். கற்றையின் விட்டம் 0.59 மி.மீ. ஆனது, விளிம்பில் வெட்டுப்படுவது கிட்டத்தட்ட நின்றது. ஆனால் குவியத்தூரம் குறைந்தால் அதே தூரம் புள்ளியை நகர்த்தக் கண்ணாடி அதிகம் சாய வேண்டும். 250 மைக்ரான் கட்டையில் கடைசி ஃபைபருக்கு 4.6 பாகை தேவைப்பட்டது. 5 பாகை எல்லை உள்ள சில்லை அங்கே நிறுத்துவது கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து தூங்குவது மாதிரி. 127 மைக்ரான் கட்டை வாங்கியதும் 2.35 பாகையில் வேலை முடிந்தது. லென்ஸ், கட்டை, கண்ணாடி மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்துவிட்டு வாங்கியிருந்தால் ஒரு கட்டை மிச்சம்.

ஃபைபர் முனைகள் 8 பாகை சரிவாகப் பாலிஷ் செய்தவை. நேராக வெட்டிய முனை என்றால் மூன்றரை சதவீத ஒளி அங்கேயே திரும்பிவிடும், அதற்காகத்தான் சரிவு. அந்தச் சரிவால் ஒளி ஃபைபரின் அச்சில் நேராக வெளியே வராது, 3.8 பாகை விலகி வரும். இதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வைத்துவிட்டேன். சிவப்பு ஒளியை விட்டுப் பார்த்தபோது புள்ளி கண்ணாடியின் நடுவில் இல்லை, 0.2 மி.மீ. மேலே உட்கார்ந்திருந்தது. இடைவெளி அளக்கும் தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜிலிருந்து 0.2 மி.மீ. தகடு ஒன்றைக் கழற்றிக் கண்ணாடியின் தாங்கிக்குக் கீழே செருகினேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஃபீலர் கேஜில் ஒரு பல் குறைவு.

அந்தச் சிவப்பு ஒளிதான் அடுத்த குழிக்கும் இட்டுச் சென்றது. 1550 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஃபைபர் முறிவு தேடும் 650 நானோமீட்டர் பேனா டார்ச்சை மாட்டி, திரும்பி வரும் சிவப்புப் புள்ளியைக் கட்டையின் முகத்தில் நுண்ணோக்கியால் பார்த்து, மிகக் கூர்மையாகும் வரை ஃபோகஸ் செய்து பூட்டினேன். லேசருக்கு மாறினால் 7 டெசிபல் இழப்பு. சிவப்பில் பார்த்தால் புள்ளி ஊசி மாதிரி இருக்கிறது, பவர் மீட்டரில் ஒன்றுமில்லை. கட்டையை லென்ஸிலிருந்து 90 மைக்ரான் பின்னால் இழுத்ததும் மீட்டர் உயிர்பெற்றது. அகச்சிவப்புக்கு லென்ஸ் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் குறைவு, குவியம் தள்ளிப்போகும். தெரியாத விஷயமல்ல. ஆனால் கண்ணுக்கு முன் ஒரு கூர்மையான புள்ளி இருந்தால் மூளை அதைத்தான் நம்புகிறது. இப்போது சிவப்பை இரண்டே வேலைக்கு வைத்திருக்கிறேன்: கற்றை கண்ணாடியின் நடுவில் விழுகிறதா, திரும்பும் ஒளி கட்டையின் பக்கம் வருகிறதா. அதோடு டார்ச்சைக் கழற்றிவிட வேண்டும்.

அதற்கப்புறம் தேடுவதைக் கண்ணாடியே பார்த்துக்கொள்கிறது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நான்கு வெளி ஃபைபரிலும் ஆளுக்கொரு ஃபோட்டோடையோடு மாட்டி, கண்ணாடியை வரி வரியாகச் சாய்த்து, ஒவ்வொரு கோணத்திலும் வந்த ஒளியைக் கூட்டிப் படமாகப் போடுவது. 700க்கு 300 மைக்ரான் பரப்பு, 6 மைக்ரானுக்கு ஒரு புள்ளி, புள்ளிக்கு 5 மில்லிசெகண்டு. அரை நிமிடத்தில் திரையில் நான்கு பொட்டுகள், நடுவில் உள்வரும் ஃபைபருக்கான வெற்றிடம். பொட்டு எவ்வளவு ஒல்லியோ அவ்வளவு நல்ல ஃபோகஸ். சரியான இடத்தில் பாதி உயரத்தில் அதன் அகலம் 0.08 பாகை இருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது 0.15. ஸ்டேஜை 10 மைக்ரான் நகர்த்து, படம் எடு, திரும்ப நகர்த்து என்று எட்டுப் படத்தில் 0.08க்கு வந்தேன். மைக்ரோமீட்டர் திருகாணியைக் கூர்ந்து பார்த்துப் பார்த்துத் திருகிய நாட்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நடு ஃபைபரில் உள்ளீட்டை வைத்ததில் ஒரு வினை ஒளிந்திருந்தது. மின்னழுத்தம் இல்லாதபோது கண்ணாடி நேராக நிற்கும், ஒளி வந்த வழியே திரும்பி லேசருக்குள் போகும். திரும்பி வரும் ஒளியைத் தடுக்கும் ஐசோலேட்டர் என் லேசரில் இல்லை. ஒரு போர்ட்டிலிருந்து மறுபக்கத்துப் போர்ட்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கண்ணாடி அந்த நேர்நிலையைக் கடந்தது, லேசரின் வெளியீடு குதித்தது. இத்தோடு சாளரமும் சேர்ந்துகொண்டது. அதன் பூச்சு கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கானது, 1550இல் ஓரளவு பிரதிபலிக்கிறது. கண்ணாடி எங்கே திரும்பினாலும் சாளரத்தின் பிரதிபலிப்பு அசையாமல் உள்வந்த ஃபைபரிலேயே விழுந்தது. மென்பொருளில் ஏதாவது செய்து தப்பிக்கப் பார்த்து இரண்டு நாள் வீணடித்தேன்.

தீர்வு வெறும் 60 மைக்ரான். கட்டையை லென்ஸின் அச்சிலிருந்து அவ்வளவு தூரம் மேலே ஏற்றிவிட்டால், கண்ணாடி சும்மா இருக்கும்போது ஒளி வரிசைக்கு 120 மைக்ரான் கீழே, ஃபைபரே இல்லாத இடத்தில் விழும். சாளரத்தின் பிரதிபலிப்பும் அங்கேயே போய்ச் சேரும். எந்தப் போர்ட்டுக்குப் போகவும் இரண்டாவது அச்சில் 1.1 பாகை சாய வேண்டும், அவ்வளவுதான் விலை. போர்ட் மாறும்போது முதலில் கீழே இறங்கி, பக்கவாட்டில் நகர்ந்து, பிறகு மேலே ஏறுகிறது. வழியில் இருக்கும் ஃபைபர்களுக்கு ஒரு கீற்று ஒளிகூடப் போவதில்லை. மின்சாரம் போனால் எல்லாப் போர்ட்டும் இருட்டு. அதுவும் எனக்கு வேண்டியதுதான்.

இப்போது பசை. இரண்டாவது கட்டுமானம் பாழானது இங்கேதான். எல்லாம் சரியாக நிற்க, 0.9 டெசிபல் காட்டிக்கொண்டிருந்தது. கட்டையின் முகத்துக்கும் லென்ஸ் குழலின் முகத்துக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளியில் ஒளிப் பாதையை மட்டும் விட்டுச் சுற்றிலும் புற ஊதா ஒளியில் இறுகும் யூவி பசையை நிரப்பி விளக்கைக் காட்டினேன். ஒரு நிமிடத்தில் 4 டெசிபல். படம் எடுத்துப் பார்த்தேன். பொட்டுகள் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தன, கூடவே குண்டாகியிருந்தன. தள்ளிப் போனதைப் பற்றிக் கவலையில்லை, கண்ணாடியின் கோணத்தைத் திருத்தினால் பழைய இடம். திருத்தியதும் 2.6க்கு வந்தது. அதற்குமேல் அசையவில்லை. யூவி பசை இறுகும்போது சுருங்கும். 1 மி.மீ. பசை நாற்பது மைக்ரான் அளவுக்குச் சுருங்கி, கட்டையை லென்ஸின் பக்கம் இழுத்துவிட்டது.

அன்று இரவு ஒரு தாளில் எழுதியது இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறது. பக்கவாட்டில் 2.5 மைக்ரான் தவறினால் 1 டெசிபல் போகும். முன்பின்னாக 27 மைக்ரான் தவறினால்தான் 1 டெசிபல் போகும். எண்களைப் பார்த்தால் பக்கவாட்டுதான் பத்து மடங்கு கண்டிப்பு. நானும் அதையே பார்த்துப் பயந்து, பக்கவாட்டைக் காப்பாற்றப் பசையை முகத்தில் வைத்தேன். ஆனால் பக்கவாட்டுத் தவறை ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாகக் கண்ணாடி திருத்தித் தரும். கட்டை கொஞ்சம் உருண்டு சாய்ந்திருந்தாலும் திருத்தித் தரும். முன்பின் தவறைத் திருத்த இந்தப் பெட்டிக்குள் ஆளே இல்லை.

மூன்றாவது முறை ஒட்டும் இடத்தை மாற்றினேன். கட்டையின் முகத்தில் பசையே கிடையாது. கட்டை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அடியில் 50 மைக்ரானுக்குள் ஒரு மெல்லிய பசைப் படலம். சுருங்கினால் கீழ்நோக்கி இழுக்கும், முன்பின் இழுக்காது. கீழே இழுத்ததைத் திருத்துவது சாயும் கண்ணாடியின் பொறுப்பு. பசையை ஒரேயடியாக இறுக்காமல் முதலில் நான்கு மூலையிலும் ஐந்து ஐந்து விநாடி, அரை மணி நேரம் விட்டு முழுதாக. இறுகிய பிறகு பொட்டுகள் 3 மைக்ரான் தள்ளியிருந்தன, அகலம் மாறவில்லை. கை நடுக்கம் நின்றது அப்போதுதான்.

சில்லு செத்த கதை. இயக்கும் முறை வழக்கமானதுதான்: இரண்டு பக்க மின்முனைக்கும் 80 வோல்ட் அடிப்படை, ஒரு பக்கம் ஏற்றும் அளவு மறுபக்கம் இறக்குவது. நிலைமின் விசை வோல்ட்டின் வர்க்கத்தில் போகும் என்றாலும் இப்படி எதிரெதிராக இயக்கினால் கோணம் கிட்டத்தட்ட நேர்விகிதத்தில் வரும். என் சில்லில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 16 வோல்ட். எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் 16 பிட் டிஏசி, நான்கு உயர்மின்னழுத்தப் பெருக்கி, ஒரு பூஸ்ட் மின்வழங்கி. பலகையில் பிழை இல்லை. மின்சாரம் கொடுத்ததும் எது முதலில் விழிக்கும் என்று நான் யோசிக்காததுதான் பிழை. உயர்மின்னழுத்தம் வந்து சேர்ந்தபோது டிஏசி இன்னும் ரீசெட் ஆகவில்லை, ஒரு சேனல் உச்சத்துக்குப் போனது. நுண்ணோக்கியில் பார்த்தால் கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வோல்ட்டை எடுத்தும் திரும்பவில்லை. இப்போது உயர்மின்னழுத்தத்தின் எனேபிள் கம்பியில் தரைக்கு ஒரு 10 கிலோஓம் இருக்கிறது. டிஏசிக்கு எழுதிய எண்ணைத் திரும்பப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் மென்பொருள் அதைத் திறக்கும். 10 கிலோஓம் ரெசிஸ்டருக்கும் அந்தச் சில்லுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை நான் கணக்குப் பார்ப்பதில்லை.

கண்ணாடி மணி மாதிரி அதிரும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே எட்டில் புதிய கோணத்துக்கு அனுப்பினால் 870 ஹெர்ட்ஸில் ஆடி, 60 மில்லிசெகண்டு கழித்துத்தான் அடங்கியது. மெதுவாக ஏற்றிப் பார்த்தேன், குறைந்தது, நிற்கவில்லை. கடைசியில் பழைய தந்திரம் ஒன்று கைகொடுத்தது. போக வேண்டிய தூரத்தில் 51 சதவீதத்தை முதலில் கொடுத்து, அரை அலைவு கழித்து, அதாவது 0.57 மில்லிசெகண்டில், மீதி 49ஐக் கொடுப்பது. முதல் தள்ளல் உண்டாக்கிய ஆட்டத்தை இரண்டாவது தள்ளல் அணைத்துவிடும். 2 மில்லிசெகண்டுக்குள் அமைதி. இரண்டு அச்சுக்கும் அதிர்வெண் வேறு, தனித்தனியாக அளக்க வேண்டும். அளப்பது சுலபம்: புள்ளியை ஃபைபரின் ஓரத்தில், பாதி ஒளி வரும் இடத்தில் நிறுத்தி, சின்னதாக ஒரு தள்ளல் கொடுத்து ஃபோட்டோடையோடை ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் போதும். உச்சியில் நிறுத்திப் பார்த்தால் ஆட்டம் பாதி மறைந்துவிடும். நான் முதலில் அப்படிப் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

முதல் இரவு ஓட்டத்தில் 1.1 என்று தொடங்கிய போர்ட் காலையில் 1.5 காட்டியது. அலுமினிய அடித்தட்டு சூட்டில் நீள்வதும், சில்லின் மின்கடத்தாப் பகுதிகளில் மின்னூட்டம் தேங்கிக் கோணம் நழுவுவதும் சேர்ந்து என்று நினைக்கிறேன். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடியை 0.005 பாகை இப்படியும் அப்படியும் அசைத்து, எந்தப் பக்கம் ஒளி கூடுகிறதோ அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்துவைக்கச் சொன்னேன். அசைப்பதால் வரும் இழப்பு 0.05 டெசிபல்தான். கூகுள் தன் தரவு மையங்களுக்குக் கட்டிய 136 போர்ட் பாலோமர் ஸ்விட்சில் இதே சிக்கலுக்கு 850 நானோமீட்டர் ஒளியைக் கூடவே அனுப்பி, கேமராவால் கண்ணாடிகளைப் பார்த்துத் திருத்துகிறார்கள். நான்கு போர்ட்டுக்கு நான்கு ஃபோட்டோடையோடு போதும்.

அடுத்த முறை செய்வதாக இருந்தால் சாளரத்தில் அகச்சிவப்புப் பூச்சு உள்ள சில்லாகக் கேட்டு வாங்குவேன், கட்டையின் முகத்துக்கும் பூச்சு போடச் சொல்வேன். பூச்சில்லாத ஃபைபர் முனைகள் இரண்டும் சேர்ந்து 0.3 டெசிபலைத் தின்கின்றன. அடித்தட்டை அலுமினியத்துக்குப் பதில் கண்ணாடியால் செய்வேன். ஸ்டேஜைக் கழற்றும்போது கட்டையைத் தட்டாமல் இருக்க, பிடிப்பானைத் திருகுக்குப் பதில் வெற்றிடக் குழலாக்குவேன். இந்த முறை அதைக் கழற்றிய பத்து நிமிடமும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான்காவது போர்ட்டின் 1.6 மட்டும் உறுத்துகிறது. அதன் பொட்டு மற்றதைப் போலவே ஒல்லியாக இருப்பதால் ஃபோகஸ் மேல் பழி போட முடியாது. இன்று காலை கனெக்டரைத் துடைத்தேன், 1.5 ஆனது. நுண்ணோக்கியில் பார்த்தால் முனையின் மையத்துக்கு அருகே ஒரு கீறல். அந்தக் கனெக்டரை வெட்டிவிட்டு ஸ்ப்லைஸ் போட வேண்டும், அதாவது வேறு முனையை உருக்கி ஒட்ட வேண்டும். ஸ்ப்லைசர் இரவல் கேட்டிருக்கிறேன்.